கம்ப்ரஷனும் பிரெடிக்ஷனும் ஏஜிஐய விளக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஐ பத்தி பேச்சு வந்தாலே ஒரு பக்கம் "அறிவுன்னாலே கம்ப்ரஷன்தான்"னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் "இதெல்லாம் வெறும் ஆட்டோகம்ப்ளீட்"னு சொல்றாங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் திரும்பத் திரும்ப வர்ற சந்தேகங்கள இங்க ஒண்ணா சேத்திருக்கேன். கம்ப்ரஷன்னா டேட்டாவ சுருக்குறது, பிரெடிக்ஷன்னா அடுத்து என்ன வரும்னு ஊகிக்கிறது. ஏஜிஐன்னு நான் சொல்றது, ஒரே ஒரு வேலைக்குன்னு இல்லாம எந்தப் புது வேலையையும் மனுஷன் மாதிரி கத்துக்கிட்டு செய்யக்கூடிய ஏஐய. மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னத நம்பித்தான் போகுது.

ஜிப் பண்றதுக்கும் அறிவுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஒரு ஃபைல சுருக்கணும்னா அதுக்குள்ள இருக்குற ஒழுங்க கண்டுபிடிக்கணும். ஜிப் கண்டுபிடிக்கிறது ரொம்ப மேலாப்புல இருக்குற ஒழுங்கு. முன்னாடி வந்த எழுத்துத் தொடர் திரும்ப வந்தா, "இவ்ளோ தூரம் பின்னாடி போய் இத்தனை எழுத்த எடுத்துக்கோ"ன்னு குறிச்சு வச்சுக்கும், 1977ல லெம்பெல், ஜிவ் ரெண்டு பேரும் கொடுத்த யோசனைதான் இன்னைக்கும் அதுக்கு அடியில ஓடுது.

ஆனா எல்லா ஒழுங்கும் அப்படி கண்ணுக்கு நேரா கிடைக்காது. ஒரு ஃபைல்ல 2, 3, 5, 7, 11ன்னு பத்து லட்சம் பகா எண்கள் வரிசையா இருக்குன்னு வைங்க. ஜிப்புக்கு அது வெறும் இலக்கங்கள், கொஞ்சம் சுருக்கும், அதோட நின்னுடும். பகா எண்ணுன்னா என்னன்னு தெரிஞ்சவருக்கு நாலஞ்சு வரி ப்ரோக்ராம் போதும், மொத்த ஃபைலும் அதுல இருந்து வந்துடும். அந்த ஃபைல அவ்ளோ சின்னதா ஆக்கணும்னா பகா எண்ணோட இலக்கணம் தெரிஞ்சே ஆகணும், குறுக்கு வழி கிடையாது. சம்பந்தம் அங்கதான் இருக்கு.

கம்ப்ரஷனும் பிரெடிக்ஷனும் ஒண்ணுன்னு சொல்றது சும்மா ஒப்பீடா, இல்ல நிஜமாவே ஒண்ணா?

நிஜமாவே ஒண்ணு. கிளாட் ஷானன் 1948ல காட்டுன கணக்கு இது: ஒரு விஷயம் நடக்குறதுக்கு நீங்க குடுத்த வாய்ப்பு 2ல 1னா அத எழுதி வைக்க 1 பிட் (0 இல்லன்னா 1ன்னு ஒரே ஒரு இலக்கம்) வேணும், 4ல 1னா 2 பிட், 1,024ல 1னா 10 பிட். "யானைக்கும் அடி"ன்னு வந்துச்சுன்னா அடுத்தது "சறுக்கும்"தான்னு தமிழ் தெரிஞ்ச யாருக்கும் தெரியும். அதுக்கு 99% வாய்ப்பு குடுத்த மாடலுக்கு (அதாவது ஊகிக்கிற ப்ரோக்ராமுக்கு) அந்த வார்த்தைய சேமிக்க ஏறக்குறைய 0.015 பிட்தான் செலவு. ஒண்ணும் தெரியாம 1,024 வார்த்தைக்கும் சமமா பங்கு போட்ட மாடலுக்கு அதே வார்த்தைக்கு 10 பிட் செலவு.

ஒரு பிட்ட துண்டு போட முடியாதே, 0.015 பிட்ட எங்க எழுதுறதுன்னு கேப்பீங்க. அரித்மெட்டிக் கோடிங்னு ஒரு முறை இருக்கு, 1976ல இருந்து நடைமுறைக்கு வந்தது. அது ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியா குறியீடு போடாது, மொத்த டெக்ஸ்டையும் 0க்கும் 1க்கும் நடுவுல ஒரே ஒரு பின்னமா மாத்திடும், அதனால சின்னச் சின்ன செலவெல்லாம் கூட்டி மொத்தமா ஒரு தடவதான் முழு பிட்டா வரும். இப்ப மொழி மாடல்கள ட்ரெயின் பண்ணும்போது குறைக்கப் பாக்குற "லாஸ்"னு ஒரு எண் இருக்கே, அது இதே பிட் கணக்குதான். லாஸ் குறையுதுன்னா அந்த மாடல வச்சு சுருக்குன ஃபைல் அதே அளவுக்கு சின்னதாகுதுன்னு அர்த்தம்.

அடுத்த வார்த்தைய ஊகிக்கிறதுல என்ன பெரிய புத்தி இருக்கு? என் போன் கீபோர்டும்தான் செய்யுது

கீபோர்டு கடைசி சில வார்த்தைய மட்டும் பாத்து சொல்லுது, அதுக்கு அது போதும். ஷானன் 1951ல மனுஷங்கள வச்சு ஒரு சோதனை செஞ்சார். இங்கிலீஷ் டெக்ஸ்ட்ட ஒவ்வொரு எழுத்தா மறைச்சு அடுத்தது என்னன்னு ஊகிக்கச் சொன்னார். எழுத்தும் இடைவெளியும் சேத்து 27 குறி, ஒண்ணுமே தெரியாம இருந்தா ஒரு எழுத்துக்கு 4.75 பிட் ஆகும். முன்னாடி நூறு எழுத்து தெரிஞ்சா மனுஷங்களுக்கு அது 0.6க்கும் 1.3க்கும் நடுவுல வந்துடுச்சு. அந்த வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சு? முதல்ல எழுத்துக் கூட்டு, அப்புறம் இலக்கணம், அதுக்கப்புறம் உலகத்தப் பத்தின அறிவு.

இதுல முக்கியம் என்னன்னா லேசான ஒழுங்கெல்லாம் சீக்கிரமே தீந்துடும். அதுக்கு மேல ஒவ்வொரு துளி பிட்டையும் குறைக்கணும்னா கஷ்டமான விஷயம் தெரிஞ்சிருக்கணும். டெக்ஸ்ட்ல "347 × 28 ="னு இருந்தா அடுத்து 9,716னு ஊகிக்க பெருக்கத் தெரியணும். ஒரு கோர்ட் தீர்ப்போட கடைசிப் பாராவ ஊகிக்கணும்னா முன்னாடி வந்த வாதத்த எல்லாம் எடைபோடணும். கேள்வி "அடுத்த வார்த்தை என்ன"ன்னு எப்பவும் ஒண்ணுதான், ஆனா அந்த ஒரே கேள்விக்குள்ள எந்தப் பாடத்தையும் நுழைக்கலாம். "வெறும்" ஆட்டோகம்ப்ளீட்னு சொல்றவங்க கவனிக்காம விடுறது இதத்தான்.

சுருக்குறதுன்னா கடைசில மனப்பாடம்தானே?

நேர் எதிர். மனப்பாடம்னா டேட்டா எவ்ளோ பெருசோ நீங்க வச்சிருக்குறதும் அவ்ளோ பெருசு, அதுல சுருக்கமே இல்ல. இத ரொம்ப கிட்ட இருந்து பாக்க ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. 113 மணி நேரம் உள்ள கடிகாரம் ஒண்ண கற்பனை பண்ணுங்க, அதுல a மணியோட b மணிய கூட்டணும், 113ஐ தொட்டா திரும்ப 0ல இருந்து. மொத்தம் 113 × 113, அதாவது 12,769 கணக்கு. அதுல 30% மட்டும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு (இன்னைக்கு மொழி மாடல்கள் கட்டப்படுற நெட்வொர்க் வகை) காட்டி ட்ரெயின் பண்றாங்க. முதல்ல அது காட்டுனத அப்படியே உருப்போட்டுடும், காட்டாத கணக்குல பெரும்பாலும் தப்பு விடும். ட்ரெயினிங்க நிறுத்தாம விட்டா ரொம்ப நேரம் கழிச்சு திடீர்னு காட்டாத கணக்கும் சரியா வர ஆரம்பிக்குது. இதுக்கு "க்ரோக்கிங்"னு பேர், ஓபன்ஏஐ ஆளுங்க முதல்ல இப்படி ஒண்ணப் பாத்து எழுதுனாங்க.

2023ல நீல் நந்தாவும் கூட இருந்தவங்களும் அந்தக் குட்டி மாடல பிரிச்சு மேஞ்சாங்க. உள்ள அது எண்கள சைன், கொசைனா மாத்தி, வட்டத்துல சுத்துற கோணமா கூட்டிக்கிட்டு இருந்துச்சு! யாரும் சொல்லிக்குடுக்கல. ஏன் அப்படி மாறுச்சு? ட்ரெயினிங்ல எடைகள் (மாடலுக்குள்ள இருக்குற எண்கள்) பெருசானா அபராதம்னு ஒரு விதி வச்சிருந்தாங்க, ஆயிரக்கணக்கான விடைய தனித்தனியா வச்சுக்கிறதவிட ஒரு விதிய வச்சுக்கிறது அதுக்கு மலிவு. சுருக்கச் சொல்லி நெருக்குனதுல மனப்பாடம் போய் விதி வந்துச்சு. இந்தத் துறையில நான் படிச்சதுலேயே என்னை அதிகம் அசைச்ச முடிவு இதுதான்.

இதுக்கெல்லாம் தியரி இருக்கா, இல்ல பாட்காஸ்ட்ல பேசுறதுதானா?

இருக்கு, அதுவும் 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1956ல டார்ட்மவுத்ல ஏஐங்கிற துறைக்குப் பேர் வச்ச அந்தக் கூட்டத்துல இருந்தவர் ரே சாலமனாஃப். அவர் 1960லயும் 1964லயும் எழுதுனது இது: பாத்த டேட்டாவ உண்டாக்கக்கூடிய எல்லா ப்ரோக்ராமையும் எடு, குட்டி ப்ரோக்ராமுக்கு அதிக எடை, நீளமானதுக்கு கம்மி எடை, எல்லாம் சேந்து அடுத்தது என்னன்னு ஓட்டுப் போடட்டும். டேட்டா எந்த ப்ரோக்ராம்ல இருந்து வந்திருந்தாலும் சரி, இந்த முறை மொத்தத்துல விடுற தப்புக்கு ஒரு உச்சவரம்பு உண்டுன்னு நிரூபணமே இருக்கு. 1965ல கோல்மோகரோவ், அதே காலத்துலயே சைட்டின், ரெண்டு பேரும் தனித்தனியா இதே இடத்துக்கு வந்தாங்க. ஒரு டேட்டாவ உண்டாக்குற மிகச் சின்ன ப்ரோக்ராமோட நீளத்தத்தான் இன்னைக்கு கோல்மோகரோவ் சிக்கல்னு சொல்றோம்.

பிரச்சனை என்னன்னா, மிகச் சின்ன ப்ரோக்ராம் எதுன்னு கண்டுபிடிச்சுத் தர்ற பொது முறை எதுவும் இருக்கவே முடியாது, அதுக்கும் நிரூபணம் இருக்கு. முதல் கேள்வில வந்த பகா எண் ஃபைல யாராவது "இது பகா எண்"னு கண்டுபிடிச்சாதான் சுருக்கலாம், கண்டுபிடிக்கிறதுக்கு ஃபார்முலா இல்ல. அப்ப இந்த தியரி எங்க போய்ச் சேரணும்னு காட்டுது, எப்படிப் போகணும்னு சொல்லல.

ஹட்டர் பிரைஸ்னா என்ன? அதுல ஏன் ஒரு எழுத்துகூட தொலையக் கூடாதுங்கிறாங்க, மனுஷ மூளை அப்படி இல்லையே?

மார்கஸ் ஹட்டர் 2006ல ஆரம்பிச்ச போட்டி. விக்கிப்பீடியாவோட ஒரு துண்ட யார் அதிகமா சுருக்குறாங்களோ அவங்களுக்குப் பரிசு. முதல்ல 10 கோடி பைட் ஃபைல், 50,000 யூரோ, 2020ல அது 100 கோடி பைட், 5 லட்சம் யூரோன்னு ஆச்சு. 2024ல ஜெயிச்சவங்க அத ஏறக்குறைய 11 கோடி பைட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. விரிக்கிற ப்ரோக்ராமோட அளவும் கணக்குல சேரும், இல்லன்னா விக்கிப்பீடியா மொத்தத்தையும் ப்ரோக்ராமுக்குள்ள ஒளிச்சு வச்சுடலாமே.

மூளை எல்லாத்தையும் மறந்துடுதுங்கிறது உண்மை. ஆனா எத மறக்கலாம்னு முடிவு பண்ண ஆரம்பிச்சா யார் பெட்டர்னு அளக்கவே முடியாது, ஒருத்தருக்கு வேண்டாதது இன்னொருத்தருக்கு முக்கியம். எழுத்து பிசகாம திரும்ப வரணும்னு வச்சா அளவு ஒரே எண்ணுல வந்துடுது. அதோட ரெண்டாவது கேள்வில சொன்ன மாதிரி, தொலையாம சுருக்குறதுன்னா ஒவ்வொரு எழுத்துக்கும் வாய்ப்பு சொல்றதுதான், உருப்போட வேண்டிய கட்டாயம் அதுல இல்ல. எனக்கு இந்தப் போட்டில ஒரு குறை தெரியுது. ஒரே ஒரு சிபியு கோர், 10 ஜிபி மெமரி, ஜிபியு கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. இன்னைக்கு உண்மையில வேலை செய்யுற பெரிய மாடல் எதுவும் அதுக்குள்ள நுழையவே முடியாது, அதனால போட்டியும் துறையும் வேற வேற பாதையில போயிடுச்சு.

பெரிய மாடலே நூத்துக்கணக்கான ஜிபி இருக்கே, அத வச்சு 1 ஜிபி ஃபைல சுருக்குனா அது என்ன கம்ப்ரஷன்?

ரொம்ப சரியான கேள்வி. 2023ல கூகுளோட டீப்மைண்ட் ஆளுங்க சின்சில்லாங்கிற 7,000 கோடி பாராமீட்டர் (அதாவது எடைகள்) உள்ள மொழி மாடல எடுத்து, டெக்ஸ்ட் படிக்க ட்ரெயின் பண்ணத படத்தையும் ஒலியையும் சுருக்கச் சொல்லிப் பாத்தாங்க. படத் துண்டுகள அது 43.4% அளவுக்குக் கொண்டுவந்துச்சு, படத்துக்குன்னே செஞ்ச பிஎன்ஜி 58.5%. பேச்சு ஒலில அது 16.4%, ஒலிக்குன்னே செஞ்ச ஃப்ளாக் 30.3%. கேக்க அசத்தலா இருக்கு, ஆனா மாடலோட அளவையும் கூட்டுனா கணக்கு கவுந்துடும், அத அவங்களே அந்தக் கட்டுரைல போட்டுக் காட்டியிருக்காங்க.

இதுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முடிஞ்ச மாடல அனுப்ப வேண்டாம், ட்ரெயின் பண்ற கோட மட்டும் அனுப்புங்க, அது சில ஆயிரம் வரிதான். அந்தப் பக்கம் இருக்குறவரும் அதே காலி மாடல்ல இருந்து ஆரம்பிப்பார். முதல் துண்டு டெக்ஸ்ட அனுப்புறீங்க, மாடலுக்கு ஒண்ணும் தெரியாததால நிறைய பிட் ஆகும், ரெண்டு பேரும் அத வச்சு மாடல ஒரே மாதிரி ட்ரெயின் பண்றீங்க, அடுத்த துண்டுக்குக் கொஞ்சம் கம்மியா ஆகும், இப்படியே போகும். மொத்தச் செலவு, கோட் அளவோட வழி நெடுக வந்த லாஸ் எல்லாத்தையும் கூட்டுனதுதான். எடைகள அனுப்பவே தேவையில்ல. இப்படிப் பாத்தா பல லட்சம் கோடி டோக்கன்ல (டெக்ஸ்ட வெட்டுன சின்னத் துண்டுகள்ல) ட்ரெயின் ஆகுற மாடல்கள் நிஜமாவே ரொம்ப நல்ல கம்ப்ரஸர்கள். அதுலயும் சீக்கிரமா கத்துக்கிற மாடலுக்கு மொத்தச் செலவு கம்மி. இந்தக் கணக்கத்தான் நான் நம்புறேன், ஏன்னா இதுல கடைசி மார்க் மட்டும் இல்ல, கத்துக்கிற வேகமும் சேந்து வருது.

அப்ப நல்லா சுருக்குற மாடல்தான் டெஸ்ட்லயும் நல்லா மார்க் வாங்குமா?

பொதுவா ஆமா. 2024ல வந்த ஒரு ஆய்வுல பல திறந்த மாடல்கள எடுத்து, அவை டெக்ஸ்ட எவ்ளோ சுருக்குதுன்னும் பொது அறிவு, கோடிங், கணக்கு டெஸ்ட்கள்ல எவ்ளோ மார்க்னும் ஒப்பிட்டாங்க, பிட் குறையக் குறைய மார்க் ஏறக்குறைய நேர்கோட்டுல ஏறுது, ஒட்டுறவு −0.95 பக்கம் (−1னா கச்சிதமான நேர்கோடு). ஆனா அது எல்லாம் ட்ரெயினிங்ல அடிப்படைக் கட்டம் மட்டும் முடிஞ்ச மாடல்கள். அதுக்கப்புறம் நடக்குறது வேற கதை, ரெண்டு கேள்வி தள்ளி வருது.

சரியா ஊகிச்சுட்டா புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தமா?

சில சமயம் ஆமா, சில சமயம் இல்ல. 2022ல ஒரு மாடலுக்கு ஒத்தெல்லோ ஆட்டத்தோட நகர்வு வரிசைய மட்டும் குடுத்து அடுத்த நகர்வ ஊகிக்கக் கத்துக்குடுத்தாங்க. பலகைன்னு ஒண்ணு இருக்குங்கிறதே அதுக்குச் சொல்லல. உள்ள பாத்தா 8 × 8 பலகையோட நிலைமைய அது தானா வச்சிருந்துச்சு, அந்த உள்நிலைய கைய வச்சு மாத்துனா அது சொல்ற நகர்வும் மாறுச்சு.

2025ல இதுக்கு நேர்மாறா ஒண்ணு வந்துச்சு. கோள்களோட பாதைய ஊகிக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர ட்ரெயின் பண்ணாங்க, பாதைய அருமையா ஊகிச்சுச்சு. ஈர்ப்பு விசை எவ்ளோன்னு சொல்லக் கத்துக்குடுத்தா நியூட்டன் விதிக்குப் பதிலா அர்த்தமில்லாத சூத்திரம் வந்துச்சு, அதுவும் ஒவ்வொரு தொகுப்புக்கும் வேற வேற சூத்திரம். எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல. டாலமியோட வட்டத்துக்கு மேல வட்டம்கிற முறையும் கோள் எங்க இருக்கும்னு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஓரளவு சரியாவே சொல்லுச்சு. கோள்கள மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா தப்பான விளக்கமும் நல்லாவே சுருக்கும். 1687ல நியூட்டன் விதி ஜெயிச்சதுக்குக் காரணம், கோள், நிலா, கடல் ஓதம், கீழ விழுற கல் எல்லாத்தையும் அது ஒரே வரில அடக்குனது. டேட்டா குறுகலா இருந்தா கம்ப்ரஷன் உண்மைய நோக்கித் தள்ளாது, அகலமா இருந்தாதான் தள்ளும்.

ஊகிக்கிறது சரி, ஏஜிஐ முடிவும் எடுக்கணுமே? அது இதுல எங்க இருக்கு?

இங்கதான் கம்ப்ரஷன் மட்டும் பத்தாது. ஹட்டர் 2000ல குடுத்த ஏஐஎக்ஸ்ஐங்கிற கோட்பாட்டு ஏஜென்ட்ல (தானா முடிவெடுத்து செயல்படுற ப்ரோக்ராம்) ரெண்டு பாதி இருக்கு. ஒரு பாதி அஞ்சாவது கேள்வில சொன்ன சாலமனாஃபோட ஊகம். இன்னொரு பாதி "இத செஞ்சா என்ன நடக்கும், எதுல எனக்கு அதிக மதிப்பெண்"னு எல்லா வழியையும் அலசுற திட்டமிடல். மதிப்பெண் எதுக்குங்கிறத வெளியில இருந்து யாரோ குடுக்கணும், கம்ப்ரஷன் அதக் குடுக்காது. ஏஐஎக்ஸ்ஐய அப்படியே ஓட்ட முடியாது, அதோட எளிமையான உருவம் ஒண்ணு பாதி மறைச்ச பேக்-மேன், டிக்-டாக்-டோ மாதிரி சின்ன விளையாட்டுகள கத்துக்கிட்டு ஆடியிருக்கு.

சுத்தி இருக்குறத நல்லா ஊகிக்கணும்கிறது மட்டுமே லட்சியம்னா அதுக்கு லேசான வழி ஒரு இருட்டு ரூமுக்குள்ள போய் உக்காந்துக்கிறதுதான், அங்க எல்லாமே கச்சிதமா ஊகிக்கலாம். ஜூர்கன் ஷ்மிட்ஹூபர் இதுக்கு ஒரு பதில் வச்சார்: எவ்ளோ சுருங்கியிருக்குங்கிறதுக்கு இல்ல, எவ்ளோ புதுசா சுருங்குச்சுங்கிறதுக்குப் பரிசு குடு. இருட்டு ரூம்லயும் முன்னேற்றம் இல்ல, வெறும் இரைச்சல்லயும் முன்னேற்றம் இல்ல, அதனால ஏஜென்ட் கத்துக்க முடியுற இடத்த தேடிப் போகும். ஆர்வத்துக்கு இது நல்ல விளக்கம். எது நல்லது, எது வேணும்ங்கிறதுக்கு இது விளக்கம் இல்ல.

சாட்பாட்டா மாத்தும்போது மாடலோட பிரெடிக்ஷன் கெட்டுப்போகுதுன்னு சொல்றாங்களே?

ஒரு அளவுகோல்ல உண்மை. ஜிபிடி-4 பத்தி 2023ல வந்த அறிக்கையிலேயே படம் போட்டுக் காட்டியிருக்காங்க. அடிப்படை மாடல் ஒரு விடைக்கு 70% வாய்ப்புன்னா கிட்டத்தட்ட அதே அளவுக்கு அது சரியா இருந்துச்சு. மனுஷங்களோட விருப்பத்துக்கு ஏத்த மாதிரி பழக்குனதுக்கப்புறம் அந்தப் பொருத்தம் குறைஞ்சுடுச்சு. ஆனா பயன்படுத்துறவங்களுக்கு இந்த ரெண்டாவது மாடல்தான் உதவியா இருக்கு. அதாவது டெக்ஸ்ட ஊகிக்கிறதும் உதவியா இருக்கிறதும் ஒரே திசைல ரொம்ப தூரம் சேந்து போயிட்டு அதுக்கப்புறம் பிரியுது.

நாலு உதாரணம் மட்டும் குடுத்தா மனுஷன் பிடிச்சுக்கிறான், கம்ப்ரஷனால அது முடியுமா?

ஃபிரான்சுவா ஷொலே 2019ல வச்ச ஆர்க் புதிர்கள் இதத்தான் அளக்குது, ஒவ்வொண்ணுலயும் சில கலர் கட்ட ஜோடிகளப் பாத்து விதிய கண்டுபிடிக்கணும். 2025ல ரெண்டு பேர் முன்கூட்டியே எந்த ட்ரெயினிங்கும் இல்லாம, ஏறக்குறைய 76,000 பாராமீட்டர் உள்ள குட்டி நெட்வொர்க்க ஒவ்வொரு புதிருக்கும் புதுசா எடுத்து, அந்தப் புதிர முடிஞ்ச அளவு சுருக்கச் சொன்னாங்க, அவ்ளோதான். சோதனைப் புதிர்கள்ல 20% தீந்துச்சு. மனுஷங்களோட ஒப்பிட்டா ரொம்ப கம்மி. ஆனா உலகத்துல வேற எதையுமே பாக்காத ஒண்ணு, சுருக்குற ஒரே வேலையால அஞ்சுல ஒண்ண தீத்துச்சுங்கிறது சின்ன விஷயம் இல்ல.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஏஜிஐய இது விளக்குதா இல்லையா?

பாத்த டேட்டால இருந்து பாக்காதத எப்படி சரியா சொல்ல முடியுதுங்கிற கேள்விக்கு இதவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. மூணு விஷயம் வெளிய நிக்குது: குட்டி ப்ரோக்ராம எப்படி சீக்கிரமா தேடிக் கண்டுபிடிக்கிறது, எந்த டேட்டாவப் போய்த் தேடுறது, எதுக்காக இதெல்லாம். மூணுல ரெண்டாவதுக்கு ஷ்மிட்ஹூபர் பாதி பதில் வச்சிருக்கார். முதலாவதுக்கு கையில இருக்கறது டிரான்ஸ்ஃபார்மரும் கிரேடியன்ட் டிசென்ட்டும் (எடைகள கொஞ்சம் கொஞ்சமா மாத்தி லாஸ குறைக்கிற முறை), அது ஏன் இவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னு முழு தியரி இன்னும் இல்ல. மூணாவது மனுஷங்க உக்காந்து முடிவு பண்ண வேண்டியது.

தமிழுக்கு இதுல ஏதாவது பாதிப்பு இருக்கா?

நேரடியாவே இருக்கு. மாடல்கள் டெக்ஸ்ட டோக்கனா வெட்டுற பிபிஇங்கிற முறைய 1994ல ஃபிலிப் கேஜ் ஃபைல் சுருக்கத்தான் எழுதுனார், அடிக்கடி சேந்து வர்ற ஜோடிக்கு ஒரு புதுக் குறி குடுக்குற முறை. எந்த மொழி டேட்டா அதிகமோ அதுக்குத்தான் நீளமான டோக்கன் கிடைக்கும். யூடிஎஃப்-8ல (எழுத்துகள கம்ப்யூட்டர்ல சேமிக்கிற முறை) தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், "தமிழ்"ங்கிற வார்த்தைய எழுத 5 குறி, 15 பைட். டோக்கன் பட்டியல் பெரும்பாலும் இங்கிலீஷ வச்சு கட்டப்பட்டிருந்தா ஒரே கருத்துக்குத் தமிழ்ல பல மடங்கு டோக்கன் ஆகும். அதனால செலவும் கூடும், மாடலோட நினைவுல அடங்குற தமிழும் குறையும். கம்ப்ரஷன் நியாயமா நடக்கலன்னா அறிவும் சமமா போய்ச் சேராது, இது சரிசெய்யக்கூடிய குறை, சரிசெய்யணும்.

இத நானே வீட்டுல செஞ்சு பாக்க ஏதாவது வழி இருக்கா?

இருக்கு, லேப்டாப் போதும். ஒரு 5 எம்பி தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் எடுத்து ஜிப் பண்ணி அளவ எழுதி வைங்க. அப்புறம் வார்த்தைகள கலைச்சுப் போட்டு ஜிப் பண்ணுங்க, பெருசாகும். எழுத்துக் குறிகளையே கலைச்சுப் போட்டா இன்னும் பெருசாகும். எழுத்து அதேதான், எண்ணிக்கையும் அதேதான், போனது ஒழுங்கு மட்டும்.

அடுத்து பைத்தான்ல ஒரு சின்ன ஊகிப்பான் எழுதுங்க. முன்னாடி 1 குறி, 2 குறி, 3 குறின்னு பாத்து அடுத்ததுக்கு வாய்ப்பு குடுக்கணும், ஃபைலோட முக்கால்வாசில எண்ணிட்டு மிச்சத்துல ஒரு குறிக்கு எத்தனை பிட் ஆகுதுன்னு கணக்குப் போடுங்க. முதல்ல பிட் இறங்கும், சூழல ரொம்ப நீட்டுனா திரும்ப ஏற ஆரம்பிக்கும், ஏன்னா அவ்ளோ நீளமான தொடர் மிச்சப் பகுதில வரவே வராது. அது ஏறுற இடத்துல இருந்து கீழ இறக்க எண்ணிக்கை உதவாது, மாடலுக்கு விதி ஏதாவது தெரியணும், நாலாவது கேள்விய அந்த இடத்துல திரும்பப் படிச்சுப் பாருங்க.